பழைய வெல்டிங் மெஷினும் நொடிக்கு 100 முறை சாகும் ஆர்க்கும்

18 கேஜ் ஷீட்டில் பெட்டி, கதவு எல்லாம் செய்ய செகண்ட் ஹேண்டில் வெல்டிங் மெஷின் தேடுகிறேன், பெரிய ஆயில் மெஷின் (எண்ணெயில் குளிரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை) ஒன்று சல்லிசாக வருகிறது, எடுக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். கேட், கிரில் வேலைக்கு அது தலைமுறை தாண்டி உழைக்கும், ஆனால் 1.2 மி.மீ. தகட்டில் வைத்தால் ஒன்று ஓட்டை விழும், இல்லையென்றால் ராடு (உருகி இணைக்கும் வெல்டிங் குச்சி) ஒட்டிக்கொண்டு வராது. அது ஏன் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள வாயு, சூட்டில் எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மா ஆனால்தான் மின்சாரம் பாயும், அப்படிப் பாய்ந்து எரிவதுதான் ஆர்க், அது பள்ளிப் பாடம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் தருவது 50 ஹெர்ட்ஸ் ஏசி. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, ஆக நொடிக்கு 100 முறை ஆர்க் செத்துப் பிழைக்கிறது! எப்படிப் பிழைக்கிறது? அந்த டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப் புலத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கசியவிட்டிருப்பார்கள். அதனால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். மின்னோட்டம் பூஜ்யமாகும் நேரத்தில் மின்னழுத்தம் எதிர்ப்பக்கம் ஏற்கெனவே எகிறி நிற்கும், உடனே மறுபடி பற்ற வைத்துவிடும். கூடவே 6013 என்ற வகை ராடின் பூச்சில் பொட்டாசியம் இருக்கிறது. இரும்பு அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 7.9 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், பொட்டாசியத்துக்கு 4.34 போதும். கேட்டதும் கொடுத்துவிடுகிற தாராள மனசு அதற்கு. சூடு ஆறுவதற்குள் அந்த இடைவெளியைக் கடத்தும் நிலையிலேயே பிடித்து வைத்திருப்பது அதுதான். எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஆனால் மெல்லிய தகட்டுக்கு 40, 50 ஆம்ப்ஸ்தான் வைக்க முடியும். அவ்வளவு குறைவில் பிளாஸ்மா சீக்கிரம் ஆறிவிடும், பொட்டாசியமும் கைவிட்டுவிடும், ஆர்க் அணையும். அணைகிறதே என்று ஆம்ப்ஸை ஏற்றினால் தகடு போச்சு.

இன்வெர்ட்டர் மெஷினில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே பல ஆயிரம் ஹெர்ட்ஸில் நறுக்கி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, மறுபடி டிசியாக்கித் தருகிறது. பூஜ்யமே வராது. எடை குறைவதும் அந்த அதிர்வெண்ணால்தான்.

இன்வெர்ட்டர் மெஷின் வாங்கப் போகும்போது விற்பவர் கனமான பட்டையில் தடித்த ராடை வைத்துப் பொறி பறக்கக் காட்டுவார், அதை நம்பாதீர்கள். உங்கள் 18 கேஜ் துண்டும் 2 மி.மீ. ராடும் கையோடு கொண்டுபோய் 40 ஆம்ப்ஸில் வைத்து, ஆர்க் நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்ப்ளேயில் தெரியும் எண் பல மெஷின்களில் சும்மா. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் சரிபார்க்கலாம், சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டுமே காட்டும். ஹாட் ஸ்டார்ட்டைக் குறைக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள், ராடைத் தொட்டதும் அது கூடுதலாகத் தள்ளும் ஆம்ப்ஸே முதல் ஓட்டையைப் போட்டுவிடும். மூடியைத் திறக்க விட்டால் போர்டில் கிரைண்டர் தூசி படிந்திருக்கிறதா பாருங்கள், இரும்புத் தூள் ஷார்ட் ஆக்கும். அப்புறம், ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மைனஸில் மாட்டுங்கள், ஊடுருவல் குறையும். 1 மி.மீ.க்குக் கீழே, கார் டிங்கரிங் மாதிரி வேலைக்கு, ராடை மறந்துவிட்டு மிக் மெஷின் (ராடுக்குப் பதில் மெல்லிய கம்பியைத் தானே ஊட்டும் வகை) தேடுவது நல்லது.

ஜிஐ ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு என்றால் இன்னொன்று. இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், துத்தநாகம் 907-லேயே கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். சுவாசித்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும், வெல்லம் தின்றால் சரியாகும் என்று பட்டறைகளில் இன்னும் சொல்கிறார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு! பால் வாங்கித் தரும் முதலாளிகள் நல்ல மாஸ்க் வாங்கித் தந்தால் புண்ணியமாகப் போகும். ஒட்டும் ஓரத்தில் பூச்சைக் கிரைண்டரால் உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை பாருங்கள்.