மணிக்கட்டும் தொடைத் தசையும்: உடற்பயிற்சி வீடியோ கேம்கள் ஈர்ப்பது எப்படி?

2006ஆம் ஆண்டின் இறுதியில் நிண்டெண்டோ நிறுவனம் தனது 'வீ' என்ற வீடியோ கேம் கருவியுடன் 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதுவரை வீடியோ கேம் பக்கமே போகாத பெரியவர்கள்கூட ரிமோட்டை மட்டையாகப் பாவித்து வரவேற்பறையில் டென்னிஸ் ஆடினார்கள். 8 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. ஓடுபொறியை (டிரெட்மில்) வாங்கி அதன்மேல் துணி உலர்த்தும் மனிதர்களை இந்த விளையாட்டு எப்படி எழுந்து நிற்க வைத்தது?

விடை, பலன் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் இருக்கிறது. முறையான பயிற்சித் திட்டத்தைத் தொடங்குபவருக்கு முதல் வாரத்தில் கிடைப்பது தசைவலி மட்டுமே. தசை வலுப்பெறுவதும் மூச்சு வாங்குவது குறைவதும் தெரியவரப் பல வாரங்கள் ஆகும். விளையாட்டிலோ, கையை வீசிய அதே நொடியில் பந்து பறக்கிறது, ஒலி எழுகிறது, புள்ளி கூடுகிறது. கவனம் திரையில் இருப்பதால் களைப்பும் சற்றுப் பின்தங்கி நிற்கிறது. ஆனால் உழைப்பு கடுமையாகி மூச்சு இரைக்கத் தொடங்கினால், எந்தத் திரையாலும் உடலின் முறையீட்டை மறைக்க முடியாது. எனவே எல்லோருக்கும் இனிக்க வேண்டிய விளையாட்டு, பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

'வீ' ரிமோட்டுக்குள் இருந்த முடுக்கமானி அளந்தது ரிமோட்டின் வேக மாற்றத்தை மட்டுமே. கால் நகர்ந்ததா, இடுப்பு திரும்பியதா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதல் நாள் தோளிலிருந்து கையை வீசி வியர்த்தவர், சில நாட்களில் சோஃபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டியே பந்தைத் திருப்பியடிக்கப் பழகிவிட்டார். இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமில்லை. குறைந்த ஆற்றலில் அதே பலனைப் பெறும் வழியைத் தேடுவது உடலின் இயல்பு. 2007இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த சிறிய ஆய்வொன்று, வீ ஸ்போர்ட்ஸ் ஆடிய பதின்வயதினர் உட்கார்ந்து ஆடும் கேம்களைவிட அதிக ஆற்றலைச் செலவிட்டாலும், அது உண்மையான விளையாட்டுகளுக்கு ஈடாகவில்லை என்று காட்டியது.

புதுமை தேய்வது இன்னொரு சிக்கல். 2016இல், வெளியே நடந்து திரிந்து ஆட வேண்டிய கைபேசி விளையாட்டான போக்கிமான் கோ வந்தபோது, அதை நிறுவியவர்கள் முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடுதலாக நடந்ததாக அமெரிக்க இளைஞர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு கண்டது. ஆறாவது வாரத்தில் அந்த உயர்வு மறைந்துவிட்டது.

2019இல் வந்த நிண்டெண்டோவின் 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்ற உடற்பயிற்சி விளையாட்டு, மணிக்கட்டைச் சுண்டியே சமாளிக்கும் முதல் சிக்கலுக்கு அழகான தீர்வு கண்டது. கையில் பிடிக்கும் வளையத்தில், அது எவ்வளவு வளைகிறது என்பதை உணரும் உணரி உள்ளது. இடது தொடையில் கட்டிய பட்டையில் செருகிய ரிமோட் தொடையின் சாய்வை அளக்கிறது. பஸ்கி எடுப்பவர் பாதியில் நிமிர்ந்தால், திரையில் இருக்கும் அரக்கனுக்கு விழும் அடியும் குறைகிறது. தொடை நடுங்க ஒரு கணம் கீழேயே தாங்கி நின்றால்தான் முழு அடி விழும். இங்கே ஏமாற்றுவது, செய்வதைவிடக் கடினம். ஒன்றுமே செய்யாமல் இருந்தவருக்கு இது மெய்யான பயிற்சி என்றே நான் கருதுகிறேன். இதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் அரைமணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும்.

ஆனால் தசை வளர்வதற்குச் சுமை படிப்படியாக ஏற வேண்டும். ரிங் ஃபிட்டில் கடினத்தை 30ஆம் நிலை வரை உயர்த்தலாம். அதனால் ஒரே அசைவைச் செய்யும் எண்ணிக்கைதான் கூடும். வளையத்தின் விறைப்பு முதல் நாள் இருந்ததுதான். பளு தூக்குபவரோ, பழகிய எடை இலேசாகத் தோன்றும் நாளில் கம்பியின் இருபுறமும் 1.25 கிலோ தட்டு ஒவ்வொன்றைச் சேர்த்துக்கொள்கிறார்.