திரைப்பதிவுக் கோப்பு ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது?

"மென்பொருள் பாடம் ஒன்றைத் திரையிலிருந்து பதிவுசெய்தேன். பத்து நிமிடத்துக்குச் சில பத்து மெகாபைட்தான் வந்தது. அதே பத்து நிமிடம் செல்பேசியில் என் முகத்தைப் படம்பிடித்தால் ஒரு ஜிகாபைட்டைத் தொட்டுவிடுகிறது. பதிவில் ஏதாவது விட்டுப்போகிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அநேகமாக எதுவும் விட்டுப்போவதில்லை. விட்டுப்போகும் ஒரே விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1920×1080 திரையில் இருப்பவை 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக ஒரு ஃபிரேமுக்கு, அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்துக்கு, 6.2 மெகாபைட். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 112 ஜிகாபைட்! அப்படியே சேமிக்க முடியாது, சுருக்கித்தான் ஆக வேண்டும்.

திரைப்பதிவில் கேமரா கிடையாது. திறந்திருக்கும் சாளரங்களையெல்லாம் இயங்குதளம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிராஃபிக்ஸ் நினைவகத்தில் ஒரே படமாக வைத்திருக்கிறது. பதிவு மென்பொருள் அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மவுஸ் அம்புக்குறி மட்டும் பெரும்பாலும் அந்தப் படத்தில் இருக்காது. அதை கிராஃபிக்ஸ் அட்டை தனி அடுக்காகக் கடைசியில் மேலே வைக்கிறது. சில பதிவுகளில் அம்புக்குறி மாயமாவது இதனால்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 2003இல் வந்த, இன்றும் எங்கும் புழங்குகிற எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை, படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. நம் திரைக்கு அகலத்தில் 120, உயரத்தில் 68, மொத்தம் 8160 கட்டங்கள். முதல் ஃபிரேமை முழுதாக எழுதிவிடும். அப்புறம் வரும் ஃபிரேமில், மாறாத கட்டத்துக்கு எதையும் எழுதாமல் தாண்டிப் போகும். எத்தனை கட்டம் தாண்டினோம் என்ற எண்ணிக்கை மட்டும் போதும்.

நீங்கள் மவுஸைத் தொடாமல் விளக்கம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். திரையில் அசைவே இல்லை. இந்த முறையிலுள்ள இரு குறியீட்டு வகைகளில் எளிய வகையை எடுத்துக்கொண்டால், "8160 கட்டங்களும் பழையபடியே" என்பதை எழுத 25 பிட் போதும். நான்கு பைட்டுக்கும் குறைவு! தலைப்புத் தகவலுக்கு இன்னும் சில பைட் சேரும், அவ்வளவுதான். 6.2 மெகாபைட் படம் அதற்குள் அடங்கிவிடுகிறது. இதை முதன்முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

கேமராவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. ஒளி துகள் துகளாக வந்து சேர்கிறது. அசையாத வெள்ளைச் சுவரிலிருந்து வரும் துகள்களின் எண்ணிக்கைகூட ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் கூடும், குறையும். அதனால் எந்தக் கட்டமும் முந்தையதோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. திரையிலோ மாறாத பிக்சலின் வித்தியாசம் சுத்தமான பூஜ்யம்.

ஸ்க்ரோல் செய்தால்? திரை முழுக்க மாறியது போலத் தோன்றும். ஆனால் பக்கம் 32 பிக்சல் மேலே நகர்ந்திருந்தால், "முந்தைய ஃபிரேமில் 32 வரி கீழே இருந்ததை எடுத்துக்கொள்" என்ற குறிப்பு போதும். அடியில் புதிதாக எட்டிப்பார்க்கும் பட்டையை மட்டும்தான் வரைய வேண்டும். விண்டோஸ் 8 முதல், எந்தப் பகுதி மாறியது, எது இடம்பெயர்ந்தது என்ற விவரத்தை இயங்குதளமே பதிவு மென்பொருளுக்குத் தந்துவிடுகிறது.

இந்த அழகையெல்லாம் கெடுப்பது மங்கி மறையும் சாளரங்களும் ஒளி ஊடுருவும் மெனுக்களும்தான். ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும், தாண்ட ஒன்றும் இருக்காது. பதிவுக்கு முன் அசைவு விளைவுகளை அணைத்துவிடுங்கள்.

சரி, விட்டுப்போகும் விஷயம் நிறம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டில் அவ்வளவு கூர்மை இல்லை. அதனால் வழக்கமான வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறம் நான்கு பிக்சலுக்குப் பொதுவாகவும் சேமிக்கப்படுகிறது. முகத்தில் இது தெரியாது. நீலப் பின்னணியில் ஒரே பிக்சல் தடிமனுள்ள சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரியும்: சிவப்பு மங்கி, ஓரமெல்லாம் ஊதாவாகக் கசியும்.

பிட்ரேட்டை, அதாவது நொடிக்குச் செலவிடும் பிட்களின் எண்ணிக்கையை, ஏற்றினால் இது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது மூடநம்பிக்கைதான். சுருக்கம் தொடங்குவதற்கு முன்பே அந்த நிறத் தகவல் போய்விட்டது. எத்தனை பிட் கொடுத்தாலும் திரும்பாது.

திரைக்கென்றே யோசித்த உத்திகள் தாமதமாகத்தான் வந்தன. எச்.264க்கு அடுத்து வந்த எச்இவிசி முறையில் 2016இல் சேர்ந்த நீட்சியும், 2018இல் வெளியான ஏவி1 முறையும், ஒரே ஃபிரேமுக்குள் ஏற்கெனவே வந்த எழுத்தை அங்கிருந்தே நகலெடுக்கும். நாலைந்து நிறமே உள்ள கட்டத்துக்குச் சிறு வண்ணப் பட்டியல் போட்டுக்கொள்ளும். உலகம் முழுக்கப் பலர் திரையைப் பார்த்துத்தான் மென்பொருள் கற்கிறார்கள். பொதுப்பணத்தில் நடக்கும் வீடியோ ஆய்வில் எழுத்துத் தெளிவுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. நிறத்தைக் குறைக்காமல் சேமிக்கும் வகை எச்.264இலேயே உண்டு. ஆனால் பல செல்பேசிகளின் வன்பொருள் அதை இயக்காது. ஆகவே இப்போதைக்கு வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை என்று வைத்து, எழுத்தை ஓரளவு பெரிதாக்கிப் பதிவுசெய்யுங்கள்.