நரம்புக்கு வழிகாட்டும் புரதங்கள்

காலில் முள் குத்தினால் அந்தச் செய்தியை முதுகுத்தண்டு வரை கொண்டுபோவது ஒரே ஒரு நரம்பு செல். அதன் உடல் முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் இழை பெரியவர்களிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். கருவில் இந்தச் செல் வேறொரு இடத்தில் பிறந்து, நகர்ந்து வந்து, பிறகு கால்வரை இழையை நீட்டுகிறது. அதற்கு வழி சொல்வதில் பெரும்பங்கு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களுக்குத்தான்.

கருவுற்ற நான்காவது வாரத்தில், பின்னால் மூளையும் முதுகுத்தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. நம் உணர்வு நரம்பு செல்கள் அதன் விளிம்பில் இருக்கும் செல்களிலிருந்துதான் வருகின்றன. அந்தச் செல்களை கேட்ஹெரின் என்ற புரதங்கள் ஒட்டிவைத்திருக்கின்றன. செல்கள் இவற்றில் சில வகைகளைக் குறைத்துக்கொள்கின்றன. பிடி தளர்ந்ததும் கிளம்பிவிடுகின்றன.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நரம்புக்குழாயின் இருபுறமும், பின்னால் முதுகெலும்பும் தசையும் ஆகப்போகும் திசுக்கட்டிகள் வரிசையாக இருக்கும். நகர்ந்து வரும் செல்கள் ஒவ்வொரு கட்டியிலும் தலைப்பக்கத்துப் பாதிக்குள் மட்டுமே நுழைகின்றன. வால்பக்கத்துப் பாதியின் செல்கள்மேல் எஃப்ரின் என்ற புரதம் நிற்கிறது. வருகிற செல்லின்மேல் அதைப் பிடித்து உணரும் புரதம், அதாவது அதற்குரிய ஏற்பி, இருக்கிறது. எஃப்ரின் சவ்வோடு இணைந்தே இருப்பதால், இரண்டு செல்களும் நேரில் தொட்டால்தான் விஷயம் தெரியும். தொட்ட மாத்திரத்தில், வந்த செல்லின் அந்த ஓரத்துக்கு வடிவம் கொடுக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் கலைகின்றன. ஓரம் சுருங்கி, செல் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. உணர்வு நரம்பு முடிச்சுகள் கட்டிக்கு ஒன்று என இடைவெளி விட்டு அமைவது இதனால்தான்.

1984-இல் கோழிக்கருவில் இதை அழகாகச் சோதித்தார்கள். கட்டிகளாகப் பிரியப்போகும் திசுவை முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். நரம்பிழைகள் இடம் மாறிப்போன அதே தலைப்பக்கத்துப் பாதியைத் தேடிப் போய் நுழைந்தன. ஆக, வழியைத் தீர்மானிப்பது திசுதான், நரம்பு அல்ல.

இழை இலக்கைத் தொட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வலியை உணரப்போகும் நரம்புகளுக்கு, தோல் முதலான இலக்குத் திசுக்கள் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற பொருளைச் சிறிதளவு சுரக்கின்றன. இழை நுனியில் உள்ள டிஆர்கே-ஏ என்ற ஏற்பி அதைப் பிடிக்கிறது. ஏற்பியும் காரணியும் சேர்ந்து ஒரு நுண்பையில் ஏறி, இழை நெடுகப் பயணித்துச் செல்லின் உடலை அடைகின்றன. அந்தச் செய்தி கிடைத்த செல் பிழைக்கிறது, கிடைக்காதது மடிகிறது. தேவைக்கு மேல் பிறந்த நரம்புகள் இப்படித்தான் கழிகின்றன. இந்தக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினியும் அதைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

டிஆர்கே-ஏ மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மிக அரிதான நிலை அது. அவர்களுக்குத் தொடுதல் தெரியும், ஆனால் வலி தெரியாது; நாக்கையும் விரலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், எலும்பு முறிந்தாலும் உணர மாட்டார்கள். வியர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகளுக்கும் இதே ஏற்பி தேவை என்பதால், அவர்களுக்கு வியர்ப்பதில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும்.