'என்ஸ்யூ': அதையடுத்து என்ன நடந்தது?

ஆங்கில நாளிதழில் விபத்து, கைகலப்பு பற்றிய செய்தி என்றால் 'என்ஸ்யூ' (ensue) என்ற வினைச்சொல் எங்காவது வந்துவிடும். ஒன்று நடந்தது, அதையடுத்து இன்னொன்று நடந்தது என்பது பொருள். தண்டையார்பேட்டைப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதற்கு எப்போதும் 'ஏற்பட்டது' என்றே எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் தமிழில் இதைவிட நல்ல சொற்கள் நிறைய உண்டு.

லத்தீனில் 'செக்வி' என்றால் பின்செல்வது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சீக்வெல், கான்சிக்வென்ஸ், பர்ஸ்யூ எல்லாம் இதன் பங்காளிகள். ஒரு காலத்தில் ஆள் ஒன்றை நாடிப் போவதையும் இச்சொல் குறித்தது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், 1 பேதுரு 3:11, சமாதானத்தைத் தேடி அதை 'என்ஸ்யூ' செய்யச் சொல்கிறது. ராயபுரம் சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது 'பின்தொடர' என்ற சொல். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது.

விளைவைச் சொல்லும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'ரிசல்ட்' வேறு வகை. அதன் லத்தீன் மூலத்துக்குத் துள்ளித் திரும்புவது என்று பொருள்.

சரி, தமிழுக்கு வருவோம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் அதை வாளியால் மொண்டு அள்ளினார்கள். மீன் வாங்க ஜனம் பயந்தது. 'மோதியதால் எண்ணெய் கொட்டியது' என்பதில் காரணம் கண்முன் நிற்கிறது. 'அதைத் தொடர்ந்து அள்ளும் வேலை தொடங்கியது' என்பது வரிசையைச் சொல்கிறது. 'மீன் விற்பனை படுத்தது இதன் விளைவு' என்றால் காரணத்தை அடித்துச் சொல்கிறோம். விளைவு வயலிலிருந்து வந்த சொல். விதை இருந்தால்தான் விளையும். காரணம் உறுதியாகத் தெரியாத செய்தியில் 'விளைந்தது' என்று போட்டால் யார் தலையிலோ பழி விழும். அங்கே 'அதையடுத்து' போதும். 'என்ஸ்யூ'வும் பெரும்பாலும் அந்த அளவோடுதான் நிற்கிறது.

சண்டைக்கு 'மூண்டது' இருக்கிறது. தீ மூளும், போர் மூளும், கோபம் மூளும். காசிமேட்டு மீன் ஏலத்தில் விலை பேசும்போது இரண்டு பேர் முறைத்துக்கொண்டால், பேச்சில் 'ஒரே சண்டையா ஆயிடுச்சி' என்போம். எழுத்தில் 'வாய்த்தகராறு மூண்டது' என்றால் அந்தச் சூடு அப்படியே இருக்கும். இதேபோல 'என்ஸ்யூ' வரும் மற்ற இடங்களில் பீதி பரவும், சந்தேகம் எழும், அமைதி நிலவும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'சண்டை தொடர்ந்தது' என்று எழுதினால், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சண்டை நிற்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். 'அதைத் தொடர்ந்து சண்டை மூண்டது' என்று எழுத வேண்டும்.