விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு: எது அழியும், எது அழியாது

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். 2015, 2016 வாக்கில் வாங்கி இன்றும் பழுதில்லாமல் ஓடும் எத்தனையோ வீட்டுக் கணினிகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஐந்தாம் தலைமுறைச் செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்ட என் வீட்டு மடிக்கணினியும் அவற்றுள் ஒன்று. அதை லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு மாற்றப்போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "போட்டோவெல்லாம் போயிடுமா?" என்பதுதான். புதிதாக மாறுவோர் பலருக்கும் இருக்கும் அச்சம் இது, நியாயமான அச்சமும்கூட. ஆனால் இந்த வேலை முழுவதிலும் கணினியிலுள்ள தரவு அழியக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்றுதான். அது எது என்று தெரிந்துகொண்டால், அதற்கு முந்தைய படிகள் அனைத்தையும் துணிந்து செய்துபார்க்கலாம்.

லினக்ஸ் என்னும் பெயர், சரியாகச் சொன்னால், கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்கே உரியது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதை வெளியிட்டார். நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிடுவதும், விசைப்பலகை முதல் வட்டு வரையிலான வன்பொருள்களை இயக்குவதும் அதன் வேலை. அதனோடு மெனு, சாளரங்கள், உலாவி, அலுவலகத் தொகுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்பாட்டுக்கு ஆயத்தமாகத் தருவதையே டிஸ்ட்ரோ என்கிறோம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் டிஸ்ட்ரோக்களே. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் ஒரு டிஸ்ட்ரோதான். விண்டோஸ் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் ஒத்துவரும் என்பது என் கருத்து. 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு, இலகுவான முகப்பு கொண்ட அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமானது.

மின்ட் இணையதளத்திலிருந்து, முழு இயங்குதளமும் ஒன்றாக அடங்கிய, ஏறத்தாழ 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு நிரலைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்று பென் டிரைவாக எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கியவுடன் எஃப்12, எஃப்9 என்று தயாரிப்பாளருக்கேற்ப மாறும் ஒரு விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் பட்டியல் திரையில் வரும்.

அந்தப் பட்டியலைக் காட்டுவது விண்டோஸ் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்னும் சிறு மென்பொருளே கணினியில் முதலில் விழித்தெழுகிறது. அது வன்பொருள்களைச் சரிபார்த்துவிட்டு, வட்டிலோ பென் டிரைவிலோ உள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அங்குள்ள குரப் என்னும் நிரல் லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் எழுந்ததும், ஒவ்வொரு வன்பொருளும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் சொல்ல, அவற்றை இயக்கும் சிறு நிரலான டிரைவரைத் தன்னிடமுள்ள தொகுப்பிலிருந்தே எடுத்துப் பொருத்திக்கொள்ளும். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருவதால் தனியாகக் குறுவட்டைத் தேடும் வேலை இல்லை. என்விடியா கிராஃபிக்ஸ் அட்டைகளும் சிலவகை வைஃபை சில்லுகளும் இதற்கு விலக்கு. அவற்றுக்குரியதை மின்ட்டின் டிரைவர் மேலாளர் வழியே பின்னர் நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஓரிரு நிமிடங்களில் மின்ட்டின் முகப்பு முழுமையாகத் திரையில் தெரியும். இது வட்டில் நிறுவப்பட்டதன்று. பென் டிரைவிலிருந்தே ஓடுவது. பென் டிரைவிலுள்ள முழு இயங்குதளமும் படிக்க மட்டுமே முடிகிற, இறுக்கிச் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருக்கிறது. அதன்மேல் கண்ணாடித்தாளை விரித்ததுபோல், நினைவகத்தில் ஒரு மெல்லிய அடுக்கை லினக்ஸ் அமைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு கோப்பை உருவாக்கினாலும், வைஃபை கடவுச்சொல்லை இட்டாலும், எழுத்தளவை மாற்றினாலும் அவையெல்லாம் அந்தத் தாளின்மேல்தான் எழுதப்படும். கணினியை அணைத்தால் தாள் போய்விடும். நீங்களாகவே விண்டோஸ் வட்டைத் திறந்து எதையாவது மாற்றினாலன்றி, அதிலுள்ள போட்டோக்களுக்கு எதுவும் நேராது. ஆகவே வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, மூடியைத் திறந்தால் மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று பல நாள் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்றே சொல்வேன்.

அடுத்த படி, லினக்ஸை வட்டில் நிறுவுவது. அதுதான் நான் முதலில் குறிப்பிட்ட அந்த ஒரே கட்டம். வட்டின் தொடக்கத்தில் பார்ட்டிஷன் அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுதிவைத்த, நில அளவைப் பதிவேடு போன்ற அட்டவணை அது. நிறுவி நிரல் முக்கியமாக இரண்டு வழிகளை முன்வைக்கும். "வட்டை அழித்து நிறுவு" என்பதைத் தேர்ந்தால், பழைய பதிவேட்டை நீக்கிவிட்டுப் புதியதை எழுதும். விண்டோஸும் அதிலிருந்த கோப்புகளும் போய்விடும். "விண்டோஸுக்கு அருகில் நிறுவு" என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் பிரிவின் கடைசிப் பகுதியில் சிதறிக் கிடக்கும் தரவை முன்பகுதிக்கு நகர்த்திவிட்டு, எல்லைக் கல்லை உள்ளே தள்ளி நட்டு, மிஞ்சிய இடத்தில் லினக்ஸை அமைக்கும். அந்த நகர்த்தலின் நடுவே மின்சாரம் போனால் இரண்டு பக்கமும் பழுதாக வாய்ப்புண்டு. எனவே போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்று பார்த்த பிறகே இதில் கைவைக்க வேண்டும். வட்டிலுள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கும் கணினியானால், அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் முறை மாறியதைக் கண்டால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்பவர்களுக்குச் சில நாள்களில் ஒரு புதிர் எதிர்ப்படும். காலை 10 மணிக்கு லினக்ஸிலிருந்து வெளியேறி விண்டோஸுக்குள் போனால், அங்கே கடிகாரம் 4.30 என்று காட்டும். கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சிறு மின்கலத்தின் உதவியால் ஓடும் கடிகாரம் தாய்ப்பலகையில் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, திரையில் காட்டும்போது இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. விண்டோஸோ அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறது. இந்தப் பிழைக்குக் காரணம் மின்கலம் அல்ல. அதை மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம். கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். விண்டோஸ் பிரிவிலுள்ள கோப்புகளை லினக்ஸில் படிக்க முடிகிறது, மாற்ற முடியவில்லை என்றால் அதற்கும் இப்படி எளிய காரணம் உண்டு. விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அணைக்கும்போது அது தன் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குத்தான் போகிறது. பாதியில் நிற்கும் வேலையைக் குலைக்கக் கூடாதென்று லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டால் போதும்.

பழகும்போது பலரும் திணறும் இடம், விண்டோஸ் நிரலுக்குரிய எக்ஸ்இ (.exe) கோப்பைச் சொடுக்கினால் எதுவும் நடக்காததுதான். அந்தக் கோப்பிலுள்ள நிரல், "ஒரு சாளரம் திற", "இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸுக்குப் புரியும் வகையில் கேட்கிறது. லினக்ஸின் கேள்விமுறை வேறு. வைன் என்னும் நிரல் இடையில் நின்று ஒன்றின் வேண்டுகோளை மற்றொன்றின் வேண்டுகோளாக மாற்றித் தருகிறது. பழைய சிறு நிரல்கள் பல அதில் நன்றாக ஓடும். கணக்கு மென்பொருளான டாலியையோ ஃபோட்டோஷாப்பையோ நம்பித் தொழில் செய்பவர் விண்டோஸையும் வைத்துக்கொள்வதே நல்லது. லினக்ஸில் பெரும்பாலும் மென்பொருளை இணையத்தில் தேடி இறக்குவதில்லை. டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து, மின்னணுக் கையொப்பம் சரிபார்க்கப்பட்டு, தேவையான துணைக் கோப்புகளோடு அது வந்து சேர்கிறது. புதுப்பிக்கும்போது பெரும்பாலும் மறுதொடக்கம் கேட்காததற்கு ஓர் அழகான காரணம் உண்டு. லினக்ஸின் கோப்பமைப்பில் கோப்பின் பெயர் வேறு, தரவு வேறு. பெயர் என்பது தரவைக் குறிக்கும் ஓர் எண்ணைச் சுட்டும் சீட்டு மட்டுமே. உலாவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீட்டைப் புதிய தரவின்மேல் ஒட்டிவிடலாம். ஓடுவது பழைய தரவைப் பிடித்தபடி ஓடி முடியும். அடுத்த முறை திறப்பது புதியதாக இருக்கும். கெர்னல் போன்ற அடிப்படைப் பகுதிகளை மாற்றினால்தான் மறுதொடக்கம் தேவைப்படும்.

தமிழில் தட்டச்சு செய்வதற்குத் தமிழ்99 முதலிய விசைப்பலகைகளை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடில் அடித்த கோப்புகள் அப்படியே திறக்கும். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதத்தைத் திறந்தால், வரிவரியாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடக் கூடாது. பாமினியில் "அம்மா" என்று அடித்திருந்தால், கோப்பில் உண்மையில் பதிந்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. அவற்றின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு விண்டோஸில் இருந்தது, புதிய லினக்ஸில் இல்லை. பாமினியின் டிடிஎஃப் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்துவந்து, இருமுறை சொடுக்கி நிறுவிவிட்டு, கடிதத்தை மூடித் திறந்தால் அந்த ஐந்து குறிகளும் மீண்டும் "அம்மா" ஆகிவிடும்.