கோபம் சரி, அந்த லிங்க் வேண்டாம்

2023 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. "அண்ணே, நம்ம சைட் திறக்கல. பேஷன்ட் ஒருத்தங்க பாண்டியில டாக்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க. ரிப்போர்ட் டவுன்லோட் ஆகலங்கறாங்க." ரிசப்ஷனில் இருக்கும் பெண் பதறிப்போயிருந்தார்.

நான் புதுச்சேரியில் சர்வர் பராமரிப்பு வேலை செய்கிறேன். பதினான்கு வருஷமாக இதுதான் தொழில். அந்த ஸ்கேன் சென்டரின் தளம் இருந்த சர்வரில் டியூஷன் சென்டர், நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று இன்னும் அறுபது சின்னத் தளங்கள் இருந்தன. எல்லாமே படுத்துவிட்டன.

தளத்தை யார், எப்போது திறந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாக்கைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. அந்தத் தளங்களில் ஒன்று, படங்களை வாங்கி வெளியிடும் உள்ளூர் நிறுவனத்துடையது. அதற்கு முந்தைய மாதம்தான் திரைப்படச் சட்டத் திருத்தம் வந்திருந்தது. தியேட்டரில் கேமரா வைத்துப் படம் திருடினால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இதை வரவேற்று அந்த நிறுவனம் முகப்பில் பேனர் போட்டிருந்தது. கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தைத் திணறடிக்கும் அடி விழுந்தது அதற்காகத்தான்.

லாக் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரே ஐபி எண்ணிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து, ஒரே நொடியில் நாற்பது வரி. எல்லாம் முகப்புப் பக்கத்தைக் கேட்கின்றன. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் அர்த்தமில்லாத ஓர் எண். ஏற்கெனவே எடுத்து வைத்த பிரதியைக் கொடுத்துச் சர்வர் தப்பித்துவிடக் கூடாது என்று எண்ணை மாற்றி மாற்றிக் கேட்கும் தந்திரம் அது. இப்படி முந்நூற்றுச் சொச்சம் ஐபி. வந்தவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பதும் லாக்கில் பதிவாகும். அந்த இடத்தில் எல்லா வரியிலும் ஒரே முகவரி.

இரண்டு வாரம் கழித்துக் கடலூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். ஐபி எண்களை மறைத்துவிட்டு அந்த லாக்கைத் திரையில் காட்டினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை ஒரு மாணவன் ஓரமாக நின்றிருந்தான்.

"சார், அந்த அட்ரஸ் எங்க டெலிகிராம் குரூப்ல வந்துச்சு. நானும் அமுக்கினேன். பக்கத்துல ஒரு நம்பர் ஏறிட்டே இருந்துச்சு. யாருக்கு அதிகம்னு பசங்க ஸ்கிரீன்ஷாட் போட்டுட்டிருந்தோம். அதுல என் ஐபி இருக்குமா சார்?"

"வீட்டு ஒய்ஃபையா தம்பி, மொபைல் டேட்டாவா?"

"ஒய்ஃபை சார். கனெக்‌ஷன் அப்பா பேர்ல."

இருக்கும் என்றேன். அந்த லிங்க் எதையும் மறைப்பதில்லை. அமுக்கினவரின் பிரவுசரையே அடிக்கிற கையாக மாற்றிவிடுகிறது. 2012 ஜனவரி 19 அன்று கோப்புகளைப் பகிரும் மெகாஅப்லோடு தளத்தை அமெரிக்க அரசு முடக்கியபோது, முகம் காட்டாத இணையக் குழுவான அனானிமஸ் ஆட்கள் அந்நாட்டு நீதித் துறை, யுனிவர்சல் மியூசிக், திரைப்பட, இசை நிறுவனச் சங்கங்கள் ஆகியவற்றின் தளங்களைத் தாக்கினார்கள். அன்றைக்கும் இதே மாதிரி லிங்க்குகள் ட்விட்டரில் சுற்றின. என்ன ஏது என்று தெரியாமல் அமுக்கினவர்களும் தாக்குதலில் சேர்ந்துகொண்டார்கள்.

திருட்டைத் தடுக்கிறோம் என்று இணையத்தை அடைப்பதன் மேல் வரும் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரிலேயே நடந்தது இது. 2012இல் தனுஷ் நடித்த '3' படத்தின் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் பரவக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினார்கள். எதிர்த்தரப்பு யாரென்று தெரியாதபோது வாங்கும் இதை 'அசோக் குமார்' உத்தரவு என்பார்கள். அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. சொந்தமாக எடுத்த குறும்படத்தை விமியோவில் ஏற்றியிருந்த பையனுக்கும் கதவு சாத்தப்பட்டது. அநியாயம்தான். பதிலுக்கு அனானிமஸ் இந்தியா பெயரில் உச்ச நீதிமன்றத் தளத்தையும் காங்கிரஸ் தளத்தையும் அடித்தார்கள். அவை சீக்கிரமே எழுந்துகொண்டன, அடைப்பு அப்படியே இருந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் அதே நீதிமன்றத்தில் முறையிட்ட பிறகுதான், படம் இருக்கும் குறிப்பிட்ட பக்க முகவரியை மட்டும் அடைத்தால் போதும், முழுத் தளத்தையும் அடைக்கக் கூடாது என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

"அப்போ நாங்க வேற எப்படி எதிர்ப்பு காட்டறது சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அமெரிக்காவில் இணையத் திருட்டைத் தடுக்க என்று சோபா, பிபா மசோதாக்கள் வந்தபோது என்ன நடந்தது என்று சொன்னேன். டொமைன், அதாவது தளங்களின் முகவரிப் பெயர், விற்கும் கோடாடி நிறுவனம் சோபாவை ஆதரித்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் டொமைன்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவின் ஜிம்மி வேல்ஸும் மாற்றப்போவதாக அறிவித்தார். 2011 டிசம்பர் 23 அன்று கோடாடி ஆதரவை விலக்கிக்கொண்டது. அப்புறம் 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன் பக்கங்களைத் தானே மூடியது. கூகுள் வைத்த மனுவில் 70 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. இரண்டே நாளில் வாக்கெடுப்பு தள்ளிப்போய், மசோதாக்கள் கிடப்பில் விழுந்தன. இதில் யாரும் அடுத்தவன் கடையை இழுத்து மூடவில்லை. மூடினவர்கள் தங்கள் கடையைத்தான் மூடினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி ஒரு கணினியை முடக்கினால், உரியவருக்கு அது கிடைக்காமல் செய்தால், 3 வருஷம் வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நான் லிங்க்கைத்தானே அமுக்கினேன்' என்பது, அது எதற்கு என்று தெரிந்தே அமுக்கினவனுக்கு உதவாது. அமெரிக்காவில் ஒரு லாரி ஓட்டுநர் 2011இல் வேறொரு போராட்டத்தில் சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் தளத்தை இப்படி ஒரே ஒரு நிமிடம் தாக்கினார். தளம் படுத்தது கால் மணி நேரம். அவருக்குக் கிடைத்தது 2 வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,83,000 டாலர் இழப்பீடும். அந்தத் தொகையை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையனின் அப்பாதான் நினைவுக்கு வருகிறார். சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிற மனிதர்.

எங்கள் விஷயத்தில் நிறுவனத்தார் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் ஐபியையும் நேரத்தையும் வைத்து முதலில் தட்டியிருப்பது அந்தப் பையனுடைய அப்பாவின் வீட்டுக் கதவைத்தான்.

இப்படி லிங்க் வந்தால் திறக்காதீர்கள். தெரியாமல் திறந்துவிட்டால் உடனே டேபை மூடுங்கள், குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். பயத்தில் போனை ரீசெட் பண்ணாதீர்கள், ஆதாரத்தை அழித்ததாகிவிடும். தாமதிக்காமல் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். சின்னத் தளம் வைத்திருப்பவர்கள் சர்வர் ஆளிடம் கேளுங்கள்: ஒரே ஐபியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு போட்டிருக்கிறதா? லாக் 180 நாள் இருக்குமா? தாக்குதல் வந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 முதல் அது விதி.

அன்றைக்கு இரவு எட்டே முக்காலுக்குத்தான் தளம் முழுசாக எழுந்தது. பாண்டியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, ரிப்போர்ட்டைக் காட்ட முடியாமல் அதற்குள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார். ஸ்கேன் சென்டரை இப்போது தனி சர்வருக்கு மாற்றியிருக்கிறேன்.