ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் 7.5 சதவீதம்

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சார், எங்க பிள்ளைக்கு அந்த ஏழரை சதவீதம் கிடைக்குமா?" மார்க்கைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு எங்கே படித்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி போன்ற இளநிலைப் படிப்புகளில் 7.5 சதவீதம் இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. நீட் வந்த பிறகு, இந்தச் சட்டம் வரும்வரை, இந்தப் பிள்ளைகளில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு 10 சதவீதம் கேட்டது. சட்டத்தில் அது 7.5 ஆனது. ஆளுநரின் ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனதால் அக்டோபர் கடைசியில் அரசாணை போட்டார்கள், மறுநாளே ஒப்புதல் வந்தது. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது.

விதி இதுதான்: 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊர் மாறலாம், ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்குப் போகலாம். நடுவில் ஒரே ஒரு வருடம் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு. கரோனா ஆண்டுகளில் தனியார் பள்ளியிலிருந்து கூட்டம் கூட்டமாக எங்களிடம் வந்த பிள்ளைகளில், எட்டிலும் ஒன்பதிலும் வந்து சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. ஆறில் வந்தவர்களுக்கு உண்டு.

நம் பக்கத்துக் கிராமங்களில் நிறைய பேர் சறுக்குவது வேறோர் இடத்தில். சர்ச் நடத்தும் பள்ளி, உறவின்முறை நடத்தும் பள்ளி என்று பல ஊர்களில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, புத்தகமும் சத்துணவும் இலவசம். ஊர்க்காரர்களுக்கு அது கவர்மெண்ட் பள்ளிதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. எட்டு வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளை இந்த ஒதுக்கீட்டில் வராது. மதுரை நகரத்திலும் இதே கதைதான். பாரதியார் 1904இல் வேலை பார்த்த, அரசு உதவி பெறும் சேதுபதி பள்ளியில் படிக்கும் பையன், நாலு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பையனைவிட எந்த விதத்திலும் வசதியானவன் இல்லை. ஆனாலும் ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில், அதாவது அரசே கட்டணம் கட்டி, தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. ஒன்பதையும் அதே தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு அழைத்து வந்தால் இல்லை. எட்டாம் வகுப்பு முடியும் கோடையில் இதைப் பெற்றோரிடம் யாராவது சொல்ல வேண்டும். தனியார் பள்ளி சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது.

அரசுப் பள்ளி என்பதில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் அடக்கம். பிரமலைக் கள்ளர் சமுதாயப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அப்படியே. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023-24 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்ததிலிருந்து இங்கே பெரிய சர்ச்சை. சொத்து, வரலாறு, அடையாளம் பற்றிய அந்தக் கவலைகளில் நியாயம் உண்டு. ஆனால் 7.5 போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் அது அரசுப் பள்ளிதானே.

மருத்துவத்துக்கு நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் வாங்கியே ஆக வேண்டும், அதில் தளர்வு இல்லை. 7.5 சதவீதம் என்பது மாநில ஒதுக்கீட்டு இடங்களில்தான் கணக்கிடப்படுகிறது, அதுவும் பிசி, எம்பிசி, எஸ்சி என்று அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே. மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் இது செல்லாது. தோப்பூர் எய்ம்ஸ் மத்திய நிறுவனம், அங்கேயும் செல்லாது.

மருத்துவத்தோடு நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் 2021இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே நீட் கிடையாது. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி, மதுரை சட்டக் கல்லூரி எல்லாம் இதில் வரும். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. என்னைக் கேட்டால், கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இடத்தைவிட இது பெரிய விஷயம்.

தமிழ் வழியா, இங்கிலீஷ் மீடியமா என்பதை 7.5 பார்ப்பதில்லை. ஆனால் அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீதம் பார்க்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு முதல், அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். 2012-13க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் பரவலாக வந்த ஆங்கில வழிப் பிரிவில் பெருமையோடு சேர்க்கும் பெற்றோர், அந்த ஒரு கையெழுத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போட்டால் சரி. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மட்டும் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஏழை என்று ஒப்புக்கொள்ளும் பிள்ளையை மருத்துவ இடத்துக்கு ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த ஒதுக்கீட்டால் மருத்துவப் படிப்பின் தரம் கெட்டுவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நீட்டில் தகுதி பெற்றவர்களுக்குள்தானே இடம் பிரிக்கிறார்கள்? எனக்கு அந்த வாதத்தில் சத்து தெரியவில்லை. "வாத்தியார் பிள்ளையே தனியார் பள்ளியில் படிக்குது" என்று டீக்கடையில் கேட்பதற்குத்தான் எங்களில் பலரிடம் பதில் இல்லை. சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், ஐந்து ஆண்டுகளில் இதை மறுபரிசீலனை செய்யவும், ஒதுக்கீடு தேவைப்படாத அளவுக்குப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தவும் சொன்னது. ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்புறம், காகித வேலை. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த விவரத்துக்குத் தலைமையாசிரியர் சான்று வேண்டும். பிழைப்புக்காகத் திருப்பூர் போய் அங்கே அரசுப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த பிள்ளை என்றால், அந்தப் பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கி வைக்க வேண்டும். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில், பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளிகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பிலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கவுன்சலிங் நேரத்தில் திருத்த ஓடினால், அவர் விடைத்தாள் திருத்தவோ தேர்தல் வேலைக்கோ போயிருப்பார்.